ஐயமும் அறமும்: தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியின் உள்வினா

மலாக்கா நகரின் பழைய வீதிகளில் சமயங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஜாலான் துக்காங் எமாசில் 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், அதனை அடுத்துக் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் என்னும் பழம்பெரும் சீனர் கோயிலும் நிற்கின்றன. சுங்கை ஊடாங் முதலிய சிற்றூர்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்தும் நகருக்கு வரும் தமிழ் மாணவர்க்குப் புத்தர் என்றதும் சீனர் கோயிலும் விசாகத் திருநாள் விடுமுறையும் நினைவுக்கு வருதல் இயல்பே. பௌத்தம் அண்டை வீட்டாரின் சமயம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது.

ஆயினும், பௌத்தம் ஒரு காலத்தில் தமிழர் சமயங்களுள் ஒன்றாக விளங்கியது. பின்னர் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள் நடுவே அது மீண்டும் தழைத்தது. அவ்வாறு தழைத்தபோது, உலகெங்கும் இன்றுவரை கேட்கப்படும் ஒரு வினா அவர்கள் முன் எழுந்தது. தெய்வத்தையும் மறுபிறப்பையும் அற்புதங்களையும் ஐயுறும் ஒருவர் பௌத்தராக வாழ இயலுமா? ஐயமும் வழிபாடும் ஒரே இல்லத்தில் குடியிருக்குமா? இவ்வினாவைத் தமிழர் ஏட்டளவில் மட்டும் ஆராய்ந்து நின்றாரல்லர், வாழ்ந்து பார்த்தனர். அவ்வரலாற்றை அறிதல் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

காப்பியத்தில் ஒரு வாதம்

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாவது காதையாகிய ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில் அது முன்னரே எழுந்துள்ளது. தவ வேடங்கொண்டு வஞ்சி நகர் புக்க மணிமேகலை, பல சமயத்தார் கூற்றுகளைக் கேட்கிறாள். அவர்களுள் ஒருவன் பூதவாதி. காட்சி ஒன்றே அறிவுக்கு அளவை என்பதும், பூதங்கள் கூடும்போது கள்ளில் மயக்கம் தோன்றுவதுபோல் உடலில் உணர்வு தோன்றுகிறது என்பதும், இப்பிறப்பும் இதன் பயனுமே உண்மை என்பதும் அவன் கொள்கைகள்.

தன் முற்பிறப்பை அறிந்தவள் மணிமேகலை. முற்பிறப்பை அறிந்தோரும் உண்டல்லவா என்னும் பொருள்பட அவள் நகைக்கிறாள். தெய்வத்தால் வந்த மயக்கமோ கனவோ அவ்வாறு தோன்றச் செய்யும் என்கிறான் பூதவாதி. காட்சியன்றி வேறு அளவை இல்லையெனின், உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை எவ்வாறு அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். அனுமானமின்றி உலக வாழ்வே நடவாது என்பது அவள் வாதம்.

காப்பியத்தின் போக்கில் வெற்றி மணிமேகலையுடையது. எனினும் கூர்ந்து நோக்கும் மாணவர் ஒன்றைக் காண்பர். மக்கள் அனைவரும் பெற்றோரிடம் பிறத்தல் நாள்தோறும் காணப்படுவது. அதனால் அந்த அனுமானம் வலிமையுடையது. முற்பிறப்புக்கு அத்தகைய பொதுக்காட்சி இல்லை. ஆகவே அவள் விடை, அனுமானம் வேண்டும் என்பதை நிலைநாட்டுகிறதேயன்றி மறுபிறப்பை நிலைநாட்டவில்லை. ஐயத்தின் குரலை மறைக்காமல் அதற்கு உரிய சொற்களைக் கொடுத்த சாத்தனாரின் நேர்மை போற்றத்தக்கது. நெடுங்காலம் ஏட்டுச் சுவடியில் கிடந்த இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது.

கொழும்புப் பயணம்

அந்நிகழ்ச்சிக்கு உரியவர் அயோத்திதாச பண்டிதர். 1845ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக அவர் ஏற்றுக்கொண்டார் என்பது ஆசிரியர் உலகம் மகிழத்தக்க செய்தி. அவர் சித்த மருத்துவர். தமிழிலக்கியப் பயிற்சி மிக்கவர். எல்லிஸ் துரையிடம் திருக்குறள் சுவடி சேர்ந்தது தம் பாட்டனார் கந்தப்பன் வழியாக என்று அவர் எழுதியுள்ளார். நீலகிரியில் வாழ்ந்த நாளில் அத்வைதத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1891ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபையை உருவாக்கிக் கல்விக்கும் நிலத்துக்கும் கோயில் நுழைவுக்கும் குரல் எழுப்பினார். மனுக்கள் பல சென்றன, மதிப்பு வரவில்லை.

தீண்டாமையை நியாயப்படுத்தும் அமைப்புக்குள் நின்றுகொண்டே மதிப்பு கேட்பது வீண் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். 1898ஆம் ஆண்டில் அவருடைய துணையோடு அயோத்திதாசரும் பள்ளியாசிரியர் கிருஷ்ணசாமியும் கொழும்பு சென்றனர். அங்கு வித்தியோதய பிரிவேனாவின் தலைவரான ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைந்தது. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கிளைகள் தோன்றின.

1907ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை அயோத்திதாசர் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. 1914ஆம் ஆண்டு மே திங்களில் மறையும் வரையில் அவ்விதழே அவருடைய பள்ளிக்கூடமாக இருந்தது.

அறிவியல் ஆசிரியரும் வழக்கறிஞரும்

அதே சென்னையில் வேறு வாயில் வழியாகப் பௌத்தத்துள் நுழைந்தவர் இருவர். ஒருவர் பொ. இலட்சுமி நரசு, மற்றவர் ம. சிங்காரவேலர்.

1861ஆம் ஆண்டில் பிறந்த இலட்சுமி நரசு தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்த பேராசிரியர். பௌத்தத்தின் சாரத்தை விளக்கும் அவருடைய ஆங்கில நூல், ‘ஒரு பைசாத் தமிழன்’ தோன்றிய அதே 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலில் வரலாற்றுப் புத்தரைப் பற்றிய இயலை அடுத்து வருவது பௌத்தத்தின் பகுத்தறிவுத் தன்மை பற்றிய இயல் என்பது கருதத்தக்கது. அற்புதக் கதைகளை அவர் சமயத்தின் தூண்களாகக் கொள்ளவில்லை. நிலையான ஆன்மா ஒன்று உடல் விட்டு உடல் பாய்கிறது என்பதை மறுத்தார். மனிதன் செய்த செயலின் விளைவு மரபின் வழியாகவும் சமுதாயத்தின் வழியாகவும் பின்வரும் மக்களிடம் தொடர்கிறது என்ற பொருளில் வினைக்கொள்கையை விளக்கினார். சாதிக்கும் பௌத்தத்துக்கும் உள்ள பகையை உரைக்க ஒரு தனி இயலே வகுத்தார்.

1860ஆம் ஆண்டில் மீனவர் குலத்தில் பிறந்து வழக்கறிஞரான சிங்காரவேலர், சென்னையில் மகாபோதி சங்கப் பணிகளை முன்னின்று நடத்தியவர். பௌத்தக் கூட்டங்களிலேயே டார்வினின் பரிணாமக் கொள்கையையும் விளக்கியவர் அவர். இளமையில் அக்கூட்டங்களில் கலகம் செய்யும் எண்ணத்துடன் சென்ற திரு. வி. கலியாணசுந்தரனார், பின்னர் அவரிடம் ஈடுபாடு கொண்டார். அதே திரு. வி. க.வுக்குச் சிறுவயதில் மருத்துவம் பார்த்தவர் அயோத்திதாசர். இவ்வாறு இரு வாயில்களும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையினர்க்குத் திறந்திருந்தன. 1923ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவைச் சென்னையில் நடத்திய பொதுவுடைமைவாதியும் இந்தச் சிங்காரவேலரே ஆவார்.

பிணக்கு எங்கே?

இவர்கள் அனைவரும் சாதியை எதிர்த்தனர், பஞ்சசீலத்தைப் போற்றினர். எனினும் மறுபிறப்பு, வினை, நிருவாணம் ஆகியவற்றின் பொருளைப் பற்றி இரு சாராரிடையே கருத்து வேறுபாடு முளைத்தது. அறிவியலோடு பொருந்தாதவற்றை விலக்கிய பௌத்தமே உண்மைப் பௌத்தம் என்பது நரசு, சிங்காரவேலர் ஆகியோரின் நிலை. முன்னோர் வாழ்ந்த சமயத்தை மீட்கிறோம் என்பது அயோத்திதாசரின் நிலை. ஒரு சாரார் பௌத்தத்தை ஆய்ந்து தேர்ந்தனர். மறுசாரார் அதை இழந்த வீட்டைப்போல் திரும்பப் பெற்றனர்.

அயோத்திதாசரை மூடநம்பிக்கையாளர் என்று ஒதுக்குவது பிழையாகும். பண்டிகைகளுக்கு அவர் கூறிய விளக்கங்களே இதற்குச் சான்று. நரகாசுரன் கதையைத் தள்ளிவிட்டு, எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தத் துறவிகள் கண்டறிந்து மக்களுக்கு அளித்த நாளே தீபாவளி என்றார். கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடு தொடர்புபடுத்தினார். தெய்வம் அரக்கனைக் கொன்ற கதை இருந்த இடத்தில், மனித அறிவு மனிதர்க்குப் பயன் செய்த கதையை வைத்தார். நோக்கத்தால் இது பகுத்தறிவே.

ஆனால் சான்று என்னும் உரைகல்லில் இவ்விளக்கங்கள் நிற்பதில்லை. திருக்குறளைத் திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்றதும், சொல் ஒலிப்பைக் கொண்டே வரலாறு வகுத்ததும் மொழிநூலாரும் வரலாற்றாசிரியரும் ஏற்கத்தக்க முறைகள் அல்ல. பிறர் புராணங்களை ஐயுற்ற அவர், தாம் கட்டிய வரலாற்றை அதே அளவு ஐயுறவில்லை என்பதை மதிப்புடன் கூறவே வேண்டும்.

நரசு தரப்பிலும் ஒரு குறை இருந்தது. அவருடைய நூல் ஆங்கிலத்தில் இருந்தது, கற்றவரிடம் பேசியது. தங்கவயலின் சுரங்கத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் நடத்த வேண்டும். இறந்த தந்தையை அடக்கம் செய்ய வேண்டும். பழைய சடங்கை விட்டவனுக்கு அந்த வேளையில் யார் துணை? எச்சொல்லைச் சொல்லி உறவினர் கூடி நிற்பர்? வினை மரபுவழித் தொடர்கிறது என்னும் விளக்கம் அறிவுக்கு நிறைவளிக்கலாம்; பிணத்தின் அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஆள் துணையும் வேண்டும். அத்துணையைச் சாக்கிய பௌத்த சங்கங்கள் அளித்தன. பஞ்சசீலம் ஓதித் திருமணமும் நீத்தார் கடனும் நடந்தன, சொற்பொழிவுகள் நடந்தன, பள்ளிகள் நடந்தன. இழிவின்றி வாழவும் இழிவின்றி இறக்கவும் ஓர் இடம் கிடைத்தது.

இங்கேதான் இவ்வரலாற்றின் உட்பொருள் இருக்கிறது. ஐயம் மட்டும் கொண்டவர்க்குத் துன்ப வேளையில் தோள் கொடுக்கும் கூட்டம் அமையாது. நடைமுறை மட்டும் கொண்ட கூட்டமோ, நாளடைவில் தான் விட்டுவந்த பழமைக்கே வேறு பெயர் சூட்டிக்கொள்ளும். சென்னைப் பௌத்தர்க்கு இவ்விரு தரப்பும் தேவைப்பட்டன. ஒருவரையொருவர் முழுதும் ஏற்காமலே ஒருவர் குறையை ஒருவர் நிறைவு செய்தனர்.

புத்தரின் விடை

பழைய பாலி நூல்களில் இவ்விணக்கத்துக்கு இடம் உண்டா? உண்டு என்பதற்கு அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாமர் சூத்திரம் சான்றாகும். கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள், வருகின்ற ஆசான்கள் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையைத் தாழ்த்துகின்றனர். யாரை நம்புவது என்று புத்தரிடம் முறையிட்டனர். ஐயுறுவது தகும் என்றே அவர் தொடங்கினார். கேள்வி வழிச் செய்தி என்பதாலோ, மரபு என்பதாலோ, நூலில் உள்ளது என்பதாலோ, சொல்பவர் நம் ஆசான் என்பதாலோ ஒன்றை ஏற்க வேண்டா என்றார். பேராசை, பகைமை, மயக்கம் ஆகியவை தீங்கு தருகின்றனவா என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கச் செய்தார்.

அச்சூத்திரத்தின் இறுதிப் பகுதி இன்னும் சிறப்புடையது. மறுமை உண்டாயின் நல்லோன் அங்கும் நலம் பெறுவான். மறுமை இல்லையாயின் இம்மையிலேயே பகையின்றி, துன்பமின்றி வாழ்வான் என்று அது கூறுகிறது. மறுமையை நிறுவிக்காட்டிய பின்னரே அறம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இதன் கருத்து. மச்சிம நிகாயத்தில், நச்சம்பு தைத்தவன் எய்தவனின் குலமும் ஊரும் தெரிந்த பின்னரே அம்பைப் பிடுங்கச் சம்மதிப்பேன் என்று பிடிவாதம் செய்தால் இறந்துபோவான் என வரும் உவமையும் இதனோடு ஒத்தது.

ஆயினும் ஒரு நடுநிலைக் குறிப்பும் தேவை. காலாமர் சூத்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, புத்தர் மறுபிறப்பைப் பேசவே இல்லை என்று வாதிடல் ஆகாது. பாலி நூல்களின் பல இடங்களில் மறுபிறப்பு வருகிறது. ஐயுறுவோர்க்கும் வாயில் திறந்திருந்தது என்பதே இச்சூத்திரத்தால் நிறுவப்படும் அளவு.

பின்வந்தோர்

அயோத்திதாசருக்குப் பின் கோலார் தங்கவயல் இவ்வியக்கத்தின் பெருங்கோட்டையாக விளங்கியது. அங்கு ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்திய கோ. அப்பாதுரையார், பௌத்தராக இருந்தவாறே சுயமரியாதை இயக்கத்தோடும் உறவு கொண்டார். அவர் எழுதிய ‘புத்தர் அருள் அறம்’ குறிப்பிடத்தக்க நூல். இரு தரப்பும் ஒருவரிடத்தில் கூடியமைக்கு அவரே நல்ல எடுத்துக்காட்டு. சிங்காரவேலரோ 1930களில் ‘குடி அரசு’ இதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதித் தம் ஐயத்தைத் தமிழிலேயே பரப்பினார். நரசு 1934ஆம் ஆண்டிலும் சிங்காரவேலர் 1946ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

நரசுவின் நூல் 1948ஆம் ஆண்டில் மறுபதிப்புப் பெற்றபோது அதற்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். 1957ஆம் ஆண்டில் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் அவருடைய நூல், ஆன்மா இல்லையெனில் மறுபிறப்பு எவ்வாறு என்ற வினாவை முன்னுரையிலேயே எழுப்புகிறது. சென்னையில் எழுந்த பிணக்கு, அவர் கையில் சமய நூல் ஒன்றின் தொடக்கமாயிற்று.

தந்தை பெரியார் வேறு முடிவு எடுத்தார். 1954ஆம் ஆண்டு சனவரியில் ஈரோட்டில் புத்தர் கொள்கை மாநாடு நடத்திய அவர், அவ்வாண்டு டிசம்பரில் இரங்கூனில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டுக்குச் சென்று அம்பேத்கரைச் சந்தித்தார். சேர்ந்து மதம் மாறலாம் என்ற அழைப்பைத் தாம் ஏற்கவில்லை என்றும், உள்ளே இருந்தால்தான் கண்டிக்கும் உரிமை நிலைக்கும் என்று விடையளித்ததாகவும் பின்னாளில் அவரே கூறியுள்ளார். புத்தரின் அறிவுரையை ஏற்று, புத்த மதத்தை ஏற்காது நின்றார் அவர். ஒரே வினாவுக்கு இரு பெருமக்கள் இரு விடை அளித்தனர். இரண்டும் ஆய்ந்தெடுத்த விடைகளே.

கடல் கடந்த தொடர்பு

பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் உரிய அரசர், இராசராச சோழரின் இசைவுடன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினார். ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் அதற்கு அளிக்கப்பட்டதை இலெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. இன்றைய கெடாவிலிருந்து தமிழகத்துக்குப் பௌத்தத்தின் பெயரால் கொடை சென்றது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் அதே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். 1954ஆம் ஆண்டு இரங்கூன் மாநாட்டுக்குப் பின்னும் அவர் நேரே மலாயாவுக்கே வந்தார்.

மலாயாத் தமிழரிடம் சீர்திருத்தக் கருத்து ஆழமாகவே பதிந்தது. 1932ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழும் உயிர்ப்பலி, வீண்செலவு, சாதிப் பிரிவு ஆகியவற்றைச் சாடின. ஆனால் கடல் கடந்து பரவலாக வந்தது சீர்திருத்த ஐயமே. தங்கவயலில் அதனோடு சேர்ந்திருந்த பௌத்த நடைமுறை இங்கு அவ்வளவாக வேர்கொள்ளவில்லை. சுரங்கத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் வரிசை வீடுகளில் வாழ்ந்த ஒரே நிலையினர். எனினும் தோட்டத்தில் பிறப்புக்கும் இறப்புக்கும் துணை நின்றது மாரியம்மன் கோயிலே. சீர்திருத்தம் பேசியவர் பலர் மேடையில் ஒருவராகவும் இல்லத்தில் வேறொருவராகவும் வாழ நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அவர்களைப் போலியர் என்று பழித்தல் எளிது. சடங்கை நீக்கிய இடத்தில் வைக்கத் தக்க வேறொன்று அவர்கள் கைக்கு எட்டவில்லை என்று உணர்தலே நேர்மை.

முடிவுரை

ஐயமும் அறநெறியும் இணைந்து வாழ இயலுமா என்ற வினாவுக்குத் தமிழ்ப் பௌத்த வரலாறு தரும் விடை இதுவாகும்: இயலும்; ஆனால் அமைதியாக அன்று. மறுபிறப்பை ஏற்றவரும் மறுத்தவரும் பஞ்சசீலத்தின் முன் ஒன்றாக நின்றனர். வெளியே வந்ததும் வாதிட்டனர். ‘தமிழன்’ இதழுக்கும் நரசுவின் நூலுக்கும் 2007ஆம் ஆண்டில் நூறாண்டு நிறைந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டன. அவர்கள் எழுப்பிய வினா மூடப்படவில்லை.

மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த அளவுக்கு அவளுடைய வாதத்தை நம் மாணவர் அறிந்திலர். வகுப்பை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பூதவாதியின் பக்கமும் மறுபிரிவை மணிமேகலையின் பக்கமும் பேசச் செய்தல் எந்தத் தமிழாசிரியர்க்கும் இயலும். மறுநாள் பக்கங்களை மாற்றிப் பேசச் செய்தல் இன்னும் நன்று. தம் கொள்கைக்கு எதிரான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்கக் கற்ற மாணவர், ஐயுறவும் அறிவர். ஐயுறுவோரை மதிக்கவும் அறிவர்.